பழங்காசின் மதிப்பு

‘நாணயம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கடைத்தெருவில் கைமாறும் காசுக்கும் அது பெயர். சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் அது பெயர். ‘அவர் நாணயமானவர்’ என்று ஒருவரைப் புகழும்பொழுது, முத்திரையிட்ட காசைப் போல அவர் சொல் எவ்விடத்தும் செல்லும் என்பதே கருத்து. ஆயினும் காசு அத்துணை உறுதி வாய்ந்ததன்று. அதன்மேல் பொறித்த எழுத்து மாறாதிருக்கும். மதிப்போ மாறிக்கொண்டே இருக்கும். நேற்று அரசாங்கம் ஏற்ற காசு இன்று செல்லாக் காசாகும். அச்செல்லாக் காசே பிறிதொரு நாள் பன்மடங்கு விலை பெறும். இவ்விந்தை எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

நீலகிரி மலையில் குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டம் என்று கொள்வோம். அங்கே தொழிலாளர் குடியிருப்பில் ஒரு மூதாட்டி தன் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளுடன் வாழ்ந்து வந்தாள். அவளும் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவள். அவளுடைய தந்தை இளமையில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா சென்று, அங்கே ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஈராண்டு கழித்து அவர் தாயகம் திரும்பினார். அப்பொழுது கொண்டுவந்த மரப்பெட்டி செல்லரித்துப் போயிற்று. அதனுள் இருந்த ஒரு பிஸ்கட்டுத் தகரப் பெட்டி மட்டும் மகளின் கைக்கு வந்தது. மலாயாவிலேயே தங்கிவிட்ட அவளுடைய தமையன் ஊருக்கு வந்துபோன காலங்களில் கொடுத்த சில்லறையும் அப்பெட்டியிற் சேர்ந்தது.

ஓர் ஆண்டு பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணத்திற்குப் பணம் போதவில்லை. வெள்ளி விலை ஏறியிருக்கிறது என்று கேள்வியுற்ற மூதாட்டி, பழைய வெள்ளியை எடைக்கு வாங்கும் வணிகர் ஞாயிற்றுக்கிழமை வரும்பொழுது பெட்டியில் உள்ளவற்றை விற்றுவிட எண்ணினாள். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் பேரன் பெட்டியைத் திறந்தான். மேலாக ஒரு செப்புக் காசு கிடந்தது. அது கருமை படர்ந்து, எழுத்துத் தெரியாதபடி மங்கியிருந்தது. பளபளப்பாக இருந்தால் நல்ல விலை கிடைக்குமே என்று கருதிய சிறுவன், அடுப்படிக்குச் சென்று புளியும் சாம்பலும் இட்டு அதனைத் தேய்த்தான். விளக்குத் துலக்கும் வழக்கம் அவன் அறிந்ததுதானே! காசு புதுக் குடம் போல் மின்னிற்று. மகிழ்ச்சியோடு பெட்டியை எடுத்துக்கொண்டு, வரலாறு கற்பிக்கும் ஆசிரியரிடம் காட்டச் சென்றான்.

ஆசிரியர் அச்செப்புக் காசைக் கையில் எடுத்தார். ஒரு கணம் பேசவில்லை. பின்னர், “தம்பி, இதனைத் துலக்கியது யார்?” என்றார்.

“நான்தான், ஐயா. அழுக்காக இருந்தது.”

“அது அழுக்கன்று. செம்பு காற்றோடும் ஈரத்தோடும் நூறாண்டுக்கு மேல் பழகிப் பெற்ற நிறம் அது. நீ அதன் தோலை உரித்துவிட்டாய். மற்றவற்றை இனித் தொடாதே. தொட்டாலும் விரல் நுனியால் விளிம்பைப் பற்றி எடு” என்று கூறி, ஒரு துணியை விரித்து, பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தார்.

தேய்க்கப்பட்ட காசின் ஒரு புறத்தில் விக்டோரியா அரசியின் தலையும், மறுபுறத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி என்னும் பெயரும், ஒரு சென்ட் என்பதும், 1845 என்னும் ஆண்டும் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருந்தன. இது மலாயாக் காசாயின், இதன்மேல் இந்தியாவை ஆண்ட கம்பெனியின் பெயர் வருவானேன்? பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று துறைமுகங்களையும் 1826-ஆம் ஆண்டில் கம்பெனியார் ஒன்றாக இணைத்து, நீரிணைக் குடியேற்றங்கள் என்று பெயரிட்டனர். 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அவை இலண்டன் ஆட்சியின்கீழ் நேரே வரும்வரை, இந்திய ஆட்சியோடு சேர்ந்தே இருந்தன. 1862-ஆம் ஆண்டில் வெளிவந்த சென்ட் காசில் ‘இந்தியா, நீரிணை’ என்னும் இரு பெயரும் சேர்ந்தே காணப்படும்.

அந்த ஆட்சித் தொடர்பினால் காசு மட்டுமன்றி மனிதரும் இடம் மாறினர். நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமையால் சீனக் கைதிகள் சிலர் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் சிலர் நீலகிரிக்கு வந்து சேர்ந்தனர். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் வழியில் உள்ள நடுவட்டத்தில், மலைச்சுரத்திற்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் சிங்கோனா மரங்களை அரசாங்கம் பயிரிட்டு வந்தது. அத்தோட்ட வேலையில் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். தண்டனைக் காலம் முடிந்த பின்னர் அவர்களுட் சிலர் ஊர் திரும்பாமல், அப்பகுதியிலேயே தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தனர். இக்குடும்பங்களைப் பற்றி விரிவாக எழுதியவர் எட்கார் தர்ஸ்டன். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகள் வெளியிட்ட அறிஞர் அவர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்து, கம்பெனியார் நாணயங்களைப் பற்றிய வரலாற்றையும் அவ்வருங்காட்சியக நாணயங்களின் பட்டியலையும் 1890-இல் எழுதியவரும் அவரே. நடுவட்டத்துச் சீனரும் கம்பெனிக் காசும் ஒருவர் எழுத்தில் இடம்பெற்றமை வியப்புக்குரியது. நடுவட்டத்துச் சிறைக் கட்டடம் இன்றும் உள்ளது.

சிறுவன் தான் தேய்த்த காசைப் பார்த்தான். தேய்க்குமுன் அதில் அரசியின் கூந்தல் இழை தெரிந்ததா என்று நினைவுகூர முயன்றான், இயலவில்லை.

நாணயம் சேர்ப்போர் ஒரு காசின் நிலையை நுணுகி நோக்குவர். தலைமுடி இழை தெரிகிறதா, விளிம்பு தேய்ந்துள்ளதா, அச்சிட்டபொழுது இருந்த இயல்பான ஒளி எஞ்சியுள்ளதா என்று ஆய்ந்து தரம் பிரிப்பர். ஒரே ஆண்டிற் பிறந்த இரு காசுகளுள், கையாளப்படாதது தேய்ந்ததைவிடப் பல மடங்கு விலை பெறுதல் உண்டு. துலக்கிய காசு தேய்ந்த காசிலும் கீழாக மதிக்கப்படும். தேய்வு காசின் தொழிலால் வந்தது. துலக்குதல் அறியாமையால் வந்தது. புளி மட்டுமன்று, எலுமிச்சை, பல்பொடி, மெருகு எண்ணெய் எதுவும் ஆகாது. ஈரம் மிகுந்த மலைநாட்டில் காசுகளை ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனித் தாளுறையில் இட்டு, உலர்ந்த பெட்டியில் வைத்தலே போதும்.

அடுத்து ஆசிரியர் மூன்று பெரிய வெள்ளிக் காசுகளை வரிசையாக வைத்தார். மலேசியத் தமிழர் தம் நாட்டுப் பணத்தை இன்றும் ‘வெள்ளி’ என்றே வழங்குவர். உலோகத்தின் பெயரே பணத்தின் பெயராயிற்று. மலாய் மொழியில் அதற்கு ‘ரிங்கிட்’ என்று பெயர். அச்சொல்லுக்குப் பற்கள் போல் வரியுடையது என்று பொருள். முற்காலத்தில் அங்கே வழங்கிய ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பில் பல்வரிசை வெட்டப்பட்டிருந்தமையால் அப்பெயர் வந்தது. அவ்வரிசை அழகுக்காக வெட்டப்பட்டதன்று. விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவோரைக் காட்டிக் கொடுப்பதற்காக வெட்டப்பட்டது. சொல்லைப் பற்றிப் பேசும்பொழுது இதனையும் கூறலாம்: சிறுகாசைக் குறித்து ஆங்கிலேயர் வழங்கிய ‘கேஷ்’ என்னும் சொல் நம் ‘காசு’ என்பதிலிருந்து போர்த்துக்கீசியர் வாயிலாகச் சென்றது. கடன் கொடுத்ததை நாம் மறந்துவிட்டோம். வாங்கியவர் இன்னும் வழங்குகின்றனர்.

மூன்று வெள்ளிக் காசுகளும் 1904, 1907, 1919 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. மூன்றிலும் ஒரு டாலர் என்றே பொறிப்பு. ஆனால் மூன்றும் ஒரே அளவின அல்ல. முதலாவது பெரியது, இரண்டாவது அதனிற் சிறியது, மூன்றாவது எடையிற் பின்னும் குறைந்தது. இக்குறைவில்தான் காசின் மதிப்பு மாறும் வரலாறு அடங்கியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் மெக்சிகோ நாட்டு வெள்ளிக் காசும், பிரிட்டானிய வாணிக டாலரும் வழங்கின. 1903-ஆம் ஆண்டில் அந்நாட்டுக்கெனத் தனியே ஒரு வெள்ளி டாலர் ஏற்பட்டது. அதனை அச்சிட்டது பம்பாய் அக்கசாலை. நாணயம் அடிக்கும் இடத்தை அக்கசாலை என்பது பழைய வழக்கு. சென்னையில் தங்கசாலைத் தெரு என்று ஒரு தெரு இருத்தலை மாணவர் அறிவர். புதிய டாலரின் எடை 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு தூய வெள்ளி. 1906-ஆம் ஆண்டில் அதன் மதிப்பை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று பொன்னோடு இணைத்து உறுதி செய்தனர். உறுதி செய்ததும் இடர் பிறந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறத் தொடங்கிற்று. ஒரு டாலரைச் செலவிட்டால் ஒரு டாலருக்குரிய பொருளே கிடைக்கும். அதனை உருக்கி விற்றால் அதற்கு மேலும் கிடைக்கும் என்ற நிலை நெருங்கியது. எவன்தான் செலவிடுவான்? காசெல்லாம் உருக்கு மூசைக்குப் போய்விடும் என்று அஞ்சிய அரசினர், பழைய பெரிய டாலரைத் திரும்பப் பெற்று உருக்கி, 1907-ஆம் ஆண்டில் 20.21 கிராம் எடையுள்ள சிறிய டாலரை வெளியிட்டனர். முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை மீண்டும் உயர்ந்தது. அதனால் 1919-ஆம் ஆண்டு டாலரின் எடை 16.85 கிராமாகக் குறைந்தது. அதிலும் பாதியே வெள்ளி.

சிறுவன் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டான். முதற் காசில் தூய வெள்ளி ஏறத்தாழ 24 கிராம். இரண்டாவதில் 18 கிராம். மூன்றாவதில் 8 கிராமுக்குச் சற்று மேல். பதினைந்து ஆண்டுகளுக்குள், ஒரு வெள்ளி என்னும் பெயர் மாறாமலே அதனுள் இருந்த வெள்ளி மூன்றில் ஒரு பங்காயிற்று. சம்பளம் வாங்கிய தொழிலாளிக்கு இது தெரிந்திருக்குமா? கடையில் அரிசி வாங்க மூன்றும் ஒன்றுபோலவே பயன்பட்டன. வேற்றுமை தெரிந்தவர் தட்டாரும் வட்டிக்கடைக்காரருமே. ஆகவே ஒரு காசுக்கு, அரசாங்கம் அதன் முகத்தில் எழுதிய மதிப்பு ஒன்று; அதன் உடம்பாகிய உலோகத்தின் மதிப்பு மற்றொன்று. முன்னது ஆணையால் நிற்பது. பின்னது சந்தையோடு ஏறி இறங்குவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று முந்த முயலுந்தோறும் காசுகள் மறைகின்றன.

1980-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் பெருஞ்செல்வராகிய ஹன்ட் உடன்பிறந்தார் வெள்ளியை மலைபோல் வாங்கிக் குவித்தமையால், அவ்வாண்டு சனவரியில் ஓர் அவுன்சு வெள்ளி ஐம்பது டாலரை நெருங்கிற்று. மார்ச்சு மாத இறுதியில் அது பதினொரு டாலருக்கும் கீழே சரிந்தது. விலை உச்சியில் இருந்தபொழுது உலகெங்கும் பழைய வெள்ளிக் காசுகள் உருக்கப்பட்டன. உருகிய காசு திரும்பாது. எஞ்சியவை அதனால் அருமை பெற்றன.

இங்கே மூன்றாவது மதிப்பு ஒன்று தலைகாட்டுகிறது. அதுவே சேர்ப்போர் தரும் விலை. பலர் எண்ணுவதுபோல் அது காசின் வயதைப் பொறுத்ததன்று. பெட்டியின் அடியில் இருபதுக்கு மேற்பட்ட சதுரச் செப்புக் காசுகள் இருந்தன. வட்டமாக இராமல் முனை மழுங்கிய சதுரமாக இருக்கும் ஒரு சென்ட் மலாயாவுக்கு ஒரு தனி அடையாளம். காண்போர்க்கு அது அரும்பொருள் போலவே தோன்றும். ஆனால் அவை மிகுதியாக அச்சிடப்பட்டமையால், எண்பது ஆண்டு கழிந்தும் பெரும்பாலானவற்றுக்கு விலை எளியதே. அவற்றுள் ஒன்று 1943 என்னும் ஆண்டு பொறித்து, முன்னவற்றினும் சற்றுச் சிறியதாக இருந்தது. 1943-இல் மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த காசை அங்கே அப்பொழுது வழங்குதல் இயலாது. நாட்டை மீட்ட பின்னர் வழங்குவதற்காக முன்கூட்டியே அச்சிட்ட காசு அது. விலை எளிதேயாயினும், அதனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாடம் நடத்தலாம்.

அருமை என்பது எத்தனை காசு அச்சிட்டார்கள் என்பதாலன்றி, எத்தனை எஞ்சின என்பதாலும், எத்தனை பேர் விரும்புகின்றனர் என்பதாலும் அமைவது. 1911-ஆம் ஆண்டு இந்திய ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலாடையில் இருந்த யானை உருவம் பன்றி போல் தோன்றுவதாக மக்கள் முணுமுணுத்தனர். அரசினர் அக்காசைத் திரும்பப் பெற்று உருக்கி, அடுத்த ஆண்டு யானைக்குத் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சினைத் திருத்தினர். பன்றி ரூபாய் என்று பெயர் பெற்ற அந்த 1911 ரூபாயைச் சேர்ப்போர் இன்றும் தேடுகின்றனர். அருமை அழிந்ததற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலை 1903-ஆம் ஆண்டில் அச்சிட்ட வெள்ளி டாலர் ஒரு காலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் மதிக்கப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன என்பதே எல்லாருடைய எண்ணம். 1962-ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கக் கருவூலத்திலிருந்து அக்காசு மூட்டை மூட்டையாக வெளிவந்தது. விலை சில பத்து டாலருக்கு விழுந்தது. முதல் நாள் வாங்கியவன் தூங்கியிருப்பானா?

ஆசிரியர் இரண்டு இருபது சென்ட் காசுகளை எடுத்தார். ஒன்று 1939; மற்றொன்று 1948. இரண்டிலும் அதே மன்னர், இரண்டும் வெண்ணிறம். “இவற்றுள் எது வெள்ளி?” என்று கேட்டார். சிறுவன் விழித்தான். 1939-இல் நான்கில் மூன்று பங்கு வெள்ளி உண்டு. 1943, 1945 ஆண்டுகளின் காசில் அது பாதியாயிற்று. 1948-இல் வெள்ளி அறவே நீங்கிச் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் அதன் இடத்தைப் பிடித்தது. போர் ஒரு நாட்டை எவ்வளவு வறுமையுறச் செய்தது என்பதை இச்சிறு காசுகளை ஆண்டுவாரியாக அடுக்கினாலே காணலாம்.

போரின் வடு அப்பெட்டியில் வேறோர் உருவிலும் இருந்தது. நூலாற் கட்டிய ஒரு தாட்கட்டு. மேல் தாளில் வாழைமரம் குலையோடு அச்சிடப்பட்டிருந்தது. பத்து வெள்ளித் தாள். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியர் மலாயாவில் வழங்கிய பணம் அது. உலோகக் காசுகளை மக்கள் ஒளித்து வைத்தனர். சந்தையில் தாள்களே உலவின. நாளடைவில் வரிசை எண் கூட இல்லாமல் தாள்கள் அளவின்றி அச்சிடப்பட்டன. பொருள்களின் விலை வானளாவிற்று. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவர்களுட் பெருந்தொகையினர் மீளாத காலமும் அதுவே. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். ஜப்பானியர் தாள்களுக்கு மதிப்பே இல்லை என்று அறிவித்தனர். போருக்கு முற்பட்ட பழைய பணமோ செல்லுபடியாயிற்று. ஒரு பிடி வெள்ளியை மண்ணிற் புதைத்து வைத்தவன் பிழைத்தான். மூன்று ஆண்டுக் கூலியைத் தாளாகச் சேர்த்து வைத்தவன் வெறுங்கையனானான்.

இந்தக் கட்டைப் பற்றி மூதாட்டி பின்னர்ப் பேரனிடம் கூறினாள்: “அப்பாவும் சித்தப்பாவும் சேர்த்த கூலி அது. சித்தப்பா சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு வேளைச் சோற்றுக்குக்கூட இது ஆகாது என்று தெரிந்தும் அப்பா இதனை எறிய மாட்டார். ஏன் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.” வாழைமரத் தாள்களுட் பெரும்பாலானவை இன்றும் சேர்ப்போரிடையே மலிவாகவே கிடைக்கின்றன. அளவின்றி அச்சிட்டதன் பயன் எண்பது ஆண்டுக்குப் பின்னும் நீங்கவில்லை.

பெட்டியில் புதிய காசுகளும் சில இருந்தன. 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் மலேசியா உருவாயிற்று. 1967-இல் அந்நாட்டு நடுவண் வங்கி பாராளுமன்றக் கட்டடம் பொறித்த காசுகளை வெளியிட்டது. 1989-இல் செம்பருத்தி மலர் பொறித்த வரிசை வந்தது. அவ்வரிசையைச் சேர்ந்த ஒரு வெள்ளிக் காசு, கிரிஸ் என்னும் மலாய்க் குத்துவாள் பொறித்து, பொன்னிறமாக மின்னிற்று. பெட்டியில் எல்லாவற்றினும் அதுவே விலையுயர்ந்தது என்று சிறுவன் நம்பியிருந்தான். அது பொன்னன்று, செம்புக் கலவை. கள்ளக் காசு பெருகியமையால் 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் முதல் அது செல்லாதாயிற்று. ஒரு சென்னும் 2008 ஏப்ரல் முதல் கடைக்கணக்கிலிருந்து மெல்ல மறைந்தது. மொத்தத் தொகையை ஐந்து சென்னின் மடங்காகத் திருத்தும் முறை வந்தமையே காரணம். அண்டை நாடாகிய சிங்கப்பூரின் காசு ஒன்றும் அங்கே கிடந்தது. 1985 முதல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்த அதில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழெழுத்தில் பொறித்திருந்தது. விலை பெறாக் காசேயாயினும், மூதாட்டி தானே எழுத்துக்கூட்டிப் படித்த காசு அது ஒன்றே.

இவ்வளவில் அச்சிறுவனின் சிற்றப்பன் வந்தார். பழங்காசை இலட்சக்கணக்கில் வாங்குவதாகக் கைப்பேசியில் ஒரு விளம்பரம் கண்டதாகவும், முன்பணமாகச் சிறு தொகை அனுப்பினால் போதும் என்றும் கூறினார். ஆசிரியர் உடனே தடுத்தார். இத்தகைய விளம்பரங்கள் நாட்டில் பலரை ஏமாற்றியுள்ளன. இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தி, தரகு என்றும் வரி என்றும் பணம் கேட்டோரும் உண்டு. தான் பழைய நாணய வாணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், அதன்பொருட்டு எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்றும் அவ்வங்கி 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தது. வாங்குபவன் விற்பவனிடம் பணம் கேட்டால் அது வாணிகம் அன்று.

சட்டங்களையும் அவர் சுருக்கமாக எடுத்துரைத்தார். நூறாண்டு நிரம்பிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். அதனைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புதல் கூடாது. மண்ணிற் புதையுண்ட செல்வம் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். போலிக் காசைக் கண்டறியவும் எளிய வழி சில உண்டு. வெள்ளியைக் காந்தம் இழுக்காது. 1904-ஆம் ஆண்டு டாலர் 26.95 கிராமுக்கு மிகக் குறைந்தால் ஐயுற வேண்டும். பெரிய வெள்ளி டாலர்களுக்குப் போலிகள் பல உலவுகின்றன. ஐயம் தீர வேண்டுவோர் அறிந்தோர் எழுதிய நூல்களை நாடலாம். மலேசியா, சிங்கப்பூர், புருனை ஆகிய நாடுகளின் நாணயங்களைப் பற்றிச் சரண்சிங் என்பார் 1986-இல் ஒரு பெருங்களஞ்சியம் வெளியிட்டுள்ளார். ஆனால் எந்தப் பட்டியலில் உள்ள விலையும் வாக்குறுதி அன்று. விற்கச் செல்பவனுக்கு அவ்விலை முழுதும் கிடைப்பது அரிது. வணிகரும் வாழ வேண்டுமன்றோ?

ஆசிரியர் தமக்குத் தெரிந்த, நாணயம் சேர்க்கும் அன்பர் ஒருவருக்கு 1907-ஆம் ஆண்டு டாலரைக் காட்டினார். அது தேய்வின்றி, கழுவப்படாமல், இயல்பான சாம்பல் நிறத்தோடு இருந்தது. அவர் அதற்கு வெள்ளி எடைக்குரிய விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து மகிழ்வோடு பெற்றுக்கொண்டார். 1845-ஆம் ஆண்டுக் காசைப் புரட்டிப் பார்த்து, “தேய்க்காதிருந்தால் இதனையும் வாங்கியிருப்பேன்” என்று கூறித் திருப்பித் தந்தார். சிறுவன் தலை கவிழ்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எடைக்கு வாங்கும் வணிகர் வந்தார். அவர் நேர்மையானவர். 1919-ஆம் ஆண்டு டாலரை உரைகல்லில் உரைத்து, “பாட்டி, இதில் பாதிதான் வெள்ளி” என்றார். பேரன் முன்பே சொல்லியிருந்தமையால் மூதாட்டி வியப்புறவில்லை. 1939-ஆம் ஆண்டு இருபது சென்ட்டை எடுத்துக்கொண்டு 1948-ஐ ஒதுக்கினார். பின்னர் 1904-ஆம் ஆண்டுப் பெரிய டாலரைத் தட்டில் இட்டார். தராசு நன்கு தாழ்ந்தது. அக்காசின் தலைப்பகுதியில் ஒரு வளையம் பற்றவைக்கப்பட்டிருந்தது. அரசாங்கம் திரும்பப் பெற்று உருக்கிய அவ்வகைக் காசு தப்பியிருந்ததற்கு அவ்வளையமே காரணம். பணமாக இராமல் அணியாகி ஒரு பெண்ணின் கழுத்தில் இருந்தமையால் அது உருக்குச் சாலைக்குப் போகவில்லை. ஆனால் வளையம் பற்றவைத்த காசைச் சேர்ப்போர் பழுதுற்றதாகவே கருதுவர். ஆகவே அதற்கு எடை விலையே கிடைக்கும் என்று ஆசிரியர் கூறியிருந்தார். எடை விலை மட்டுமாயினும் அன்றைய விலையில் பெட்டியில் மிகுதியான தொகை தரக்கூடியது அதுவே.

வணிகர் தொகையைக் கூட்டிச் சொன்னார். முன்பு கிடைத்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால், கல்லூரிக் கட்டணத்திற்கு இன்னும் சிறிது குறைந்தது. மூதாட்டி சற்று நேரம் தட்டையே நோக்கியிருந்தாள். பிறகு கையை நீட்டி, வளையமிட்ட காசை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“இது இல்லாமல் கணக்குப் பாருங்கள், தம்பி. இது எங்கள் அம்மா கழுத்தில் கிடந்தது” என்றாள்.

“குறைகிற தொகை பெரிதாகிவிடுமே, பாட்டி?”

“தோட்டத்துச் சங்கத்தில் கடன் கேட்டிருக்கிறோம்.”

வணிகர் மறுபடியும் எழுதிக் கூட்டினார். பேரன் சதுரக் காசுகளையும், வாழைமரத் தாட்கட்டையும், புளியிட்டுத் தேய்த்த செப்புக் காசையும் எடுத்துத் தனித்தனித் தாளில் மடித்து, ஒவ்வொன்றின் மேலும் ஆண்டை எழுதிப் பெட்டியில் வைத்தான். செப்புக் காசின் உறைமேல் 1845 என்று எழுதி, அதன்கீழே ‘துலக்கியது’ என்றும் எழுதினான்.